நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஓடிய பெட்டி

ஃபியூஸ் கட்டையில கை வைக்காதீங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க.

மீட்டர் மாத்த வந்தவரை நான் தடுக்கலை. தெருவுல எல்லா வீட்டுக்கும் புது மீட்டர் வந்தாச்சு, எங்க வீட்டுக்கும் வரட்டும். ஆனா இந்த நிமிஷம் வேண்டாம். உள்ளே ஒரு வேலை ஓடிக்கிட்டிருக்கு. அது முடியறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா ஒரு உயிர் போயிடும்.

பயந்துடாதீங்க. மனுஷ உயிர் இல்லை. கார்டு.

இப்படி உக்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இதுல உக்காருங்க. மோர் எடுத்துட்டு வர்றேன். போற வழியில அதையும் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.

முப்பத்தொண்ணு. நூத்துக்கு முப்பத்தொண்ணு ஆயிருக்கு. நூறு ஆனதும் நானே வந்து, பிடுங்குங்கன்னு சொல்றேன். அது வரைக்கும் நீங்க எங்க வீட்டு விருந்தாளி. சட்டையில பால்வண்ணன்னு பேர் போட்டிருக்கு. தலை நரைச்சிருந்தாலும் எனக்கு நீங்க தம்பிதான், எனக்கு அறுபத்திநாலு.

மணி என்ன? மூணு அஞ்சா? சரி, நேரம் இருக்கு. நாலு மணிக்குள்ள முடியணும். நாலு மணின்னா நாலு மணிதான், நாலு அஞ்சு இல்லை. ஏன்னு சொல்றேன். அதைச் சொல்லணும்னா முதல்ல என்னைச் சொல்லணும்.

என் பேர் சண்முகக்கனி. முப்பத்தெட்டு வருஷம் இதே ராஜபாளையத்துல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை. முதல்ல ஆபரேட்டர். டிரங்க் கால் போட்டவங்க எல்லாருக்கும் என் குரல் தெரியும். கையால லைன் சேத்துவிடற அந்த போர்டை எல்லாம் எடுத்ததுக்கு அப்புறம் மெஷின் ரூம். எக்ஸ்சேஞ்சுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், நீங்களும் கம்பிக்காரர்தான். அது நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை, தீபாவளி, புயல் எதுக்கும் நிக்காது. நின்னா ஊரே ஊமை.

ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் நாங்க ஆளுக்கொரு ஊராப் போயிட்டோம். பதினோரு பொம்பளைங்க. அதுல நீங்க ரெண்டு பேரை ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும். சிவகாசியில ஸ்டெல்லா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ரெங்கநாயகி அக்கா. நான் என்ன பண்ணேன், வீட்டுலயே ஒரு எக்ஸ்சேஞ்ச் வெச்சேன்.

நிஜமாத்தான். ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி, அதுக்கான சாஃப்ட்வேரைப் போட்டேன். சர்வர்ம்பாங்க. இருபத்திநாலு மணி நேரமும் ஓடும். பதினோரு பேர் வீட்டுலயும் இன்டர்நெட்டுல மாட்டற மேஜை போன். நம்பர் நூத்தி ஒண்ணுலேர்ந்து நூத்திப் பதினொண்ணு வரைக்கும். எங்க வீட்டுக்காரருக்கு நூறு. அவர் பின்னாடி ஷெட்லயே கிடப்பார், அங்கே ஒரு போன் வெச்சேன். மூணு வருஷத்துல ஒரு தடவைகூட அதை எடுத்ததில்லை. "இருபது அடி தூரம் கனி. வாயால கூப்பிட்டாலே கேக்கும்"பார்.

தினம் சாயங்காலம் நாலு மணிக்கு ஆஜர். நான் ஒரு பொத்தானை அழுத்தினா எல்லா போனும் ஒண்ணா அடிக்கும். எடுத்து, அவங்கவங்க நம்பரைச் சொல்லணும். நூத்தி ரெண்டு ஆஜர், நூத்தி மூணு ஆஜர். நான் நோட்டுல டிக் போடுவேன். எவளாவது சொல்லலைன்னா பக்கத்து ஊர்ல இருக்கறவ கிளம்பிப் போய்ப் பாக்கணும். போன வருஷம் நூத்தி ஏழு சொல்லலை. போய்ப் பாத்தா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கிடக்கா. இப்ப அவதான் எல்லாரையும் விட சத்தமா ஆஜர் சொல்றா.

ரெங்கநாயகி அக்கா நூத்தி நாலு. எழுபத்தாறு வயசு, தனியா இருக்காங்க. கண்ணு மங்கிப்போச்சு, செல்போன் திரையில ஒண்ணும் தெரியாது. மேஜை போன் அடிச்சா கையை நீட்டி எடுப்பாங்க. அவங்களுக்கு அது ஒண்ணுதான்.

அந்த எக்ஸ்சேஞ்ச் நின்னு இன்னிக்குப் பன்னெண்டு நாள்.

யார் நிறுத்தினதுன்னு கேளுங்க. அவர்தான். ஷெட்ல அரம் போடற சத்தம் கேக்குதில்ல, அவர்தான். உங்க தாள்ல ராமசுப்புன்னு பேர் இருக்கும் பாருங்க. ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். இப்ப எதுக்கு அரம் போடறார்னு எனக்குத் தெரியாது. நாங்க பேசறதில்லை.

பன்னெண்டு நாளா. ஆமா, ஒரே வீட்டுலதான். காபி ஆச்சுன்னா நான் ரேடியோவைப் பாத்து, காபி ஆச்சுன்னு சொல்லுவேன். அவர் வந்து எடுத்துக்குவார். உப்பு கம்மியா இருந்தா அவர் தட்டைப் பாத்து, உப்பு கம்மிம்பார். பழகிப்போச்சு. யாராவது முதல்ல பேசணும்னா அது நான் இல்லை. தப்பு பண்ணவங்கதான் முதல்ல பேசணும். சரிதானே?

இருங்க. நாப்பத்தெட்டு.

பாதி தாண்டற நேரம்தான் ஆபத்து. பழசை அழிச்சாச்சு, புதுசு இன்னும் முழுசா எழுதலை. இப்ப நின்னா ரெண்டும் கிடையாது. உங்க கூட வந்தவர் கம்பத்துல ஏறியிருக்காரே, அவர் கையில என்ன வெச்சிருக்கார்? ஒரு குரல் குடுங்க. டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க, இந்த முக்குக் கடையில என் பேரைச் சொன்னா குடுப்பான்.

எங்கே விட்டேன்? அவர் நிறுத்தினது. அது ஆயுத பூஜை அன்னிக்கு.

மில்லுல வருஷத்துல ஒரு நாள் எல்லா மெஷினையும் நிறுத்துவாங்க. நிறுத்தி, பிரிச்சு, தேஞ்ச சாமானை மாத்தி, எண்ணெய் போட்டு, கழுவி, அதுக்கு அப்புறம்தான் பொட்டு. அவருக்கு அது ரத்தத்துல ஊறினது. எங்க எக்ஸ்சேஞ்சுலயும் ஆயுத பூஜை உண்டு தம்பி. சந்தனம், குங்குமம், பொரி, வாழைக்கன்னு எல்லாம் உண்டு. ஆனா மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும். ஓடற மெஷினுக்குத்தான் பொட்டு வெப்போம். முப்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் வெச்சேன். அதை விட்டுட்டு மில்லு வழக்கத்தை என் எக்ஸ்சேஞ்சுல கொண்டாந்து திணிச்சா?

போன வருஷம் ஒத்துக்கிட்டார். ஓடும்போதே வெச்சார். இந்த வருஷம் காலையிலயே வந்து நிக்கறார். கையிடுக்குல ஒரு அட்டைப் பெட்டி, சட்டைப் பையில ஸ்க்ரூ டிரைவர். "கனி, இன்னிக்கு ஒரு நாள் நிறுத்து. துடைச்சிட்டுப் பொட்டு வைக்கலாம்"னார்.

"துடைக்கறதுன்னா இப்படியே துடைங்க."

"ஓடற மெஷின்ல எவனாவது கை வைப்பானா? ஒரு வருஷமா நிக்காம ஓடுது அது."

"ஒரு வருஷம் இல்லை. நானூத்திப் பன்னெண்டு நாள்"னேன்.

தம்பி, அந்தக் கணக்கைச் சொல்லணும் உங்களுக்கு. அந்தப் பெட்டிகிட்ட எத்தனை நாளா ஓடறேன்னு கேட்டா சொல்லும். நான் தினம் காலையில கேட்டு நோட்டுல எழுதுவேன். நானூத்திப் பன்னெண்டு நாள் ஒரு தடவைகூட நிக்கலை. மாசாந்திரப் பராமரிப்புன்னு நீங்க நாள் முழுக்க கரண்டை நிறுத்துவீங்க இல்லையா, அன்னிக்குக்கூட நிக்கலை. பின்தெரு தையல் கம்பெனி ஜெனரேட்டர்லேர்ந்து ஒயர் இழுத்துடுவேன். இதை நீங்க கேக்கலைன்னு வெச்சுக்கோங்க.

யூ.பி.எஸ். இல்லையான்னா, இருக்கு. பேட்டரிதான் ஆகஸ்டுலேர்ந்து படுத்துடுச்சு, ரெண்டு நிமிஷம் தாங்கும். அதனாலதான் இப்ப உங்களை உக்கார வெச்சிருக்கேன். மாத்தலாம்னா, எங்க வீட்டுக்காரர் லைனை நிறுத்தாம பேட்டரியில கை வைக்க மாட்டார். லைனை நிறுத்தினா கணக்கு போயிடும். அதுக்காக விட்டு வெச்சேன். ஆகஸ்டுலேர்ந்து நம்ம தெருவுல சொல்லாம கரண்ட் போனது மூணே தடவை, மூணும் ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு. அவர் அதிர்ஷ்டம்னார். நான் நிர்வாகம்னு சொன்னேன்.

ஆச்சா. நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டு நான் பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வர்றேன், வீடு அமைதியா இருக்கு. அந்தப் பெட்டிக்கு ஒரு இரைச்சல் உண்டு தம்பி. ரொம்ப நாள் கேட்டா இருக்கறதே தெரியாது, நின்னாத்தான் தெரியும். உள்ளே போனா அவர் பெட்டிக்கு முன்னாடி உக்காந்திருக்கார், அட்டைப் பெட்டியைப் பிரிக்கறார்.

"என்ன பண்ணீங்க?"

"முறையாத்தான் நிறுத்தினேன். நீ எழுதி ஒட்டியிருக்கிற தாளைப் பாத்துத்தான். நாளைக்குக் காலையில போட்டுக்கலாம், அதுக்குள்ள நான்..."

"அதுக்குள்ள நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எழுந்திருங்க"ன்னேன்.

எழுந்துட்டார். அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கிட்டார். நான் அந்த அறையைப் பூட்டி சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். மறுபடி உடனே போட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டா என்ன, கணக்கு போனது போனதுதானே. அவர் சொன்ன மாதிரியே அது ஒரு நாள் கிடக்கட்டும், அப்பத்தான் அவருக்கு உறைக்கும்னு நினைச்சேன். அன்னிக்கு ஒரு நாள் செல்லுல கூப்பிட்டு ஆஜர் வாங்கிக்கலாம்னு இருந்துட்டேன். சாயங்காலம் பாத்தா, பூட்டின கதவுல பூட்டுக்கு மேல சந்தனம், குங்குமம். பூட்டுக்குப் பொட்டு வெச்சிருக்கார் மனுஷன். என்னத்தைச் சொல்ல?

மறுநாள் விஜயதசமி. ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன், ஸ்விட்சைப் போட்டேன். பெட்டி எழுந்தது, இரைச்சல் வந்தது. பின்னாடி நெட்வொர்க் கார்டுல பச்சை விளக்கு எரியணும். எரியலை.

இருங்க, பாத்துட்டு வந்துடறேன்.

அறுபத்தேழு. காலையில இதுக்கு முந்தின படியை எழுதினப்பவும் இந்த இடத்துலதான் கொஞ்சம் யோசிச்சது. யோசிக்கட்டும்.

நெட்வொர்க் கார்டுன்னா, அந்தப் பெட்டிக்கு வாயும் காதும் அதுதான். பெட்டியோட பிறந்த வாய் ஒரு இடி விழுந்தப்போ கருகிப்போச்சு, அப்போ இந்தக் கார்டை வாங்கி மாட்டினேன். பழசு, ஆனா கெட்டி. இப்ப அது செத்த மாதிரி கிடக்கு. ஒயரை மாத்தினேன், துடைச்சு மாட்டினேன். ஊஹூம்.

அப்புறம் பெட்டி எழுதி வெச்சிருக்கிற குறிப்பைப் படிச்சேன். அது தினம் நடக்கறதை எல்லாம் எழுதும். ஒன்பது பக்கம். ஒரு வரி கூட விடாம படிச்சேன். ஆறாவது பக்கத்துல இருந்தது விஷயம். கார்டுக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேர் ரொம்பப் பழசு, இதோட நான் வேலை பாக்க முடியாதுன்னு டிரைவர் எழுதியிருக்கு.

புரியற மாதிரி சொல்றேன். பெட்டிக்குள்ள டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர். அது சூப்பர்வைசர் மாதிரி, கார்டுக்கு உத்தரவு போடும். கார்டு ஆபரேட்டர். ஆபரேட்டருக்கு வேலைக்குச் சேரும்போது ஒரு பயிற்சி குடுப்பாங்க இல்லையா, அது கார்டுக்குள்ளயே எழுதியிருக்கும். அதுதான் ஃபர்ம்வேர். இப்ப சூப்பர்வைசர் மாறிட்டார். புது ஆள், புது உத்தரவு. பழைய பயிற்சி எடுத்த ஆபரேட்டருக்கு அது விளங்கலை. விளங்காத ஆளை நான் போர்டுல உக்கார வைக்க மாட்டேன்னு புது ஆள் சொல்லிட்டார். கார்டு மேல தப்பில்லை. புது சூப்பர்வைசர் மேலயும் தப்பில்லை. கார்டுக்குப் புதுப் பயிற்சி குடுக்கணும், அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் எப்ப மாறினார்னா கேக்கறீங்க? அது, பெட்டி தானே அப்பப்ப புதுசை இறக்கி வெச்சுக்கும். ஆனா ஓடற வரைக்கும் பழைய ஆளே வேலை பாப்பார். நிறுத்திப் போட்டாத்தான் புது ஆள் வந்து உக்காருவார். பதிமூணு மாசமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வாசல்ல காத்திருந்திருக்காங்க. பழசுகளை எல்லாம் பெட்டி துடைச்சுப் போட்டுடுச்சு, திரும்பப் போகவும் வழியில்லை.

அப்படின்னா என்னிக்குக் கரண்ட் போயிருந்தாலும் இதேதானே ஆகியிருக்கும்னு கேக்கறீங்க.

அது வேற.

வேறதான் தம்பி. கரண்ட் போகலையே. போகாம நான் பாத்துக்கிட்டேனே. நிறுத்தினது யாரு? அதைப் பாருங்க. மாசம் ஒரு தடவை நிறுத்திப் போட்டிருந்தா அன்னன்னிக்கே தெரிஞ்சிருக்கும்னு மாப்பிள்ளையும் சொன்னார். அவர் பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கார். வீடியோவுல பாத்துட்டு, "அத்தை, பூட்டுக்கு எதுக்குப் பொட்டு?"ன்னு முதல்ல சிரிச்சார். எனக்குச் சுருக்குனு ஆச்சு. "அது எங்க வீட்டு வழக்கம் மாப்பிள்ளை"ன்னேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பேசாம இருக்கறது எங்களுக்குள்ள. அதுக்காக வெளியாள் சிரிக்கலாமா?

அப்புறம் சொன்னார், "இதை எல்லாம் எதுக்கு வீட்டுல வெச்சுக்கிட்டு அத்தை, தூக்கிப் போடுங்க. எல்லாரும் செல்லுலயே பேசிக்கலாமே." மாப்பிள்ளைகிட்ட எதிர்த்துப் பேச முடியுமா? "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்பிள்ளை"ன்னு சொல்லி வெச்சுட்டு, நான் என் வேலையைப் பாத்தேன்.

அந்தக் கார்டை செஞ்ச கம்பெனியோட பக்கத்துல ஃபர்ம்வேர் இருந்தது. ஆனா பெட்டிக்கு இன்டர்நெட் கிடையாதே, வாய்தானே போச்சு. செல்லுல இறக்கி, பென்டிரைவுல ஏத்தி, அதைக் கொண்டு போய் பெட்டியில சொருகினேன். அது சொல்லுது, ஒரே தாவுல இவ்வளவு தூரம் வர முடியாது, நடுவுல ஒரு படி இருக்கு, அதுல ஏறிட்டு வான்னு. அந்த நடுப்படியை கம்பெனிக்காரன் எப்பவோ எடுத்துட்டான். எங்கே தேடறது? இந்த மாதிரி கிறுக்கு பிடிச்சவங்க கூடிப் பேசற இடம் ஒண்ணு இன்டர்நெட்டுல இருக்கு. அங்கே எழுதிப் போட்டேன். எந்த தேசமோ, முகம் தெரியாத ஒருத்தர், அஞ்சாவது நாள் அனுப்பி வெச்சார். கூடவே ஒரு வரி. எழுதும்போது கரண்ட் போகாம பாத்துக்கோன்னு. அந்த மனுஷனுக்கு நம்ம தெருவைப் பத்தி என்ன தெரியும்?

இன்னிக்குக் காலையில நடுப்படி ஏத்தியாச்சு. இப்ப ஓடறது கடைசிப் படி.

இதுக்கு நடுவுல ஸ்டெல்லா என்ன பண்ணா தெரியுமா? செல்லுல ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டா. காலையில எழுந்தா அதுல இருக்கற எல்லாருக்கும் ரோசாப்பூ படம். ஆஜர்னு கேட்டா ஒருத்தி கும்பிடு போடறா, ஒருத்தி கட்டை விரலைக் காட்டறா. கட்டை விரலைப் பாத்து ஒருத்திக்கு மூச்சு வாங்குதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? குரல் கேட்டாத்தானே தெரியும்?

கூப்பிட்டு சண்டை போட்டேன். "கனி, நீ பெட்டிக்காக ஆளைப் பாக்கறியா, ஆளுக்காகப் பெட்டியைப் பாக்கறியா?"ன்னு கேட்டா. வாய் அவளுக்கு. "வியாழக்கிழமை நாலு மணி வரைக்கும் பொறுக்கறோம். அன்னிக்கு போன் அடிக்கலைன்னா இனிமே செல்லுதான், நீயும் அந்த மேஜை போன் எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கோ"ன்னா.

இன்னிக்குத்தான் வியாழக்கிழமை.

அந்த குரூப்புல ரெங்கநாயகி அக்கா இல்லை. இருக்க முடியாது, கண்ணு தெரியணுமே. "அவங்களை நாங்க தனியா கூப்பிட்டுக்கறோம்"னு ஸ்டெல்லா சொன்னா. கூப்பிட்டாங்க. முதல் நாள் அஞ்சு பேர். மறுநாள் ரெண்டு பேர். நேத்து நான் கூப்பிட்டப்போ அக்கா சொல்றாங்க, "நீ ஒருத்திதான் கனி இன்னிக்கு"ன்னு. குறையா சொல்லலை. சாதாரணமாத்தான் சொன்னாங்க. அதான் தாங்கலை.

எம்பத்தெட்டு. இதோ வந்தாச்சு.

அரம் சத்தம் நின்னுடுச்சே. நின்னா நிக்கட்டும். நாம பேசறது அங்கே கேக்கும், இருபது அடிதானே. கேக்கட்டும்னுதான் சத்தமா பேசறேன்.

ஒரு நிமிஷம்.

நூறு.

திரையில எழுதியிருக்கறதை ரெண்டு தடவை படிச்சுட்டு வந்தேன். என்ன எழுதியிருக்குன்னா, வேலை முடிஞ்சது, ஆனா பெட்டியைத் திரும்பத் தொடங்கினா மட்டும் போதாது. மின்சாரத்தை முழுசா நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் போடணும். அப்பத்தான் கார்டு புதுசை எடுத்துக்கும்.

சிரிக்காதீங்க தம்பி. கார்டு கேக்குது, குடுக்கறேன். ஷெட்ல இருக்கறவர் சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் சொன்னது பூஜை. இது செய்முறை.

உள்ளே முறையா அணைச்சுட்டேன். இப்பப் பிடுங்குங்க. தாராளமா பிடுங்குங்க. மூணு முப்பத்தஞ்சு ஆகுது. எவ்வளவு நேரம் ஆகும்? பதினஞ்சு நிமிஷமா? அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சுன்னா மோருக்குக் காசு வாங்கிடுவேன்.

தம்பி, நீங்க வாசல்ல ஸ்க்ரூ கழட்டிக்கிட்டு இருக்கறீங்க, உள்ளே என்ன நடக்குது தெரியுமா? நீங்க ஃபியூஸைப் பிடுங்கின சத்தம் கேட்டதும் அவர் எழுந்து வந்துட்டார். கையில அதே அட்டைப் பெட்டி. என்னைப் பாக்கலை. நேரா போய் யூ.பி.எஸ். முன்னாடி உக்காந்து கழட்ட ஆரம்பிச்சுட்டார். அட்டைப் பெட்டிக்குள்ள பேட்டரி. புதுசு. பழைய பிடி அதுக்குச் சேராது போல, பேட்டரியைத் தாங்கப் புதுப் பிடி ஒண்ணைத்தான் அவ்வளவு நேரமும் அரம் போட்டிருக்கார். என்கிட்ட பேசலை. பேட்டரிகிட்ட, "இப்பவாவது விட்டாங்களே"ன்னார்.

பெட்டி ஓரத்துல பில் கிடந்தது. எடுத்துப் பாத்தேன். ஆயுத பூஜைக்கு மூணு நாளைக்கு முந்தின தேதி.

முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா? பேட்டரி வாங்கி வெச்சிருக்கேன் கனி, அதுக்காகத்தான் நிறுத்தச் சொல்றேன்னு ஒரு வார்த்தை. சொல்ல நான் எங்கே விட்டேன்னு கேக்கற மாதிரி பாக்கறீங்க. நான் விடலைன்னா அவர் சொல்லக் கூடாதா? நாப்பது வருஷமா என்னைத் தெரியும். நான் கத்தும்போது நடுவுல எப்படிப் பேசணும்னு இன்னும் கத்துக்கலைன்னா அது யார் தப்பு?

முடிஞ்சுதா? மூணு ஐம்பத்திரண்டு. மோரை மன்னிச்சுட்டேன். இங்கே பேட்டரியும் மாட்டியாச்சு. போடுங்க.

நீங்களும் உள்ளே வாங்க. நீங்க போட்ட கரண்ட்டு, நீங்களும் பாக்கணும். இரைச்சல் கேக்குதா? எழுந்துடுச்சு. பின்னாடி பாருங்க, அந்த ஓட்டைக்குப் பக்கத்துல. இன்னும் இல்லை. கொஞ்சம் நேரம் எடுக்கும். இன்னும் இல்லை.

அதோ.

பச்சைதானே? என் கண்ணை நான் நம்பலை, நீங்க சொல்லுங்க. பச்சைதான். சிமிட்டுது பாருங்க. ஒவ்வொருத்தி போனா வந்து ஒட்டுது. நூத்தி ரெண்டு. நூத்தி ஆறு. நூத்தி நாலு வந்தாச்சு. அக்கா போனைப் பிடுங்காம வெச்சிருக்காங்க, பாத்தீங்களா? பன்னெண்டு நாளா சும்மா கிடந்த போனை.

என்ன, கையெழுத்தா? கனெக்‌ஷன் அவர் பேர்ல இருக்கு, அவர்தான் போடணும். ஷெட்டுக்குப் போயிட்டார். நான் கூப்பிட மாட்டேன். நீங்களே போய் வாங்கிக்கோங்க. இல்லை, இருங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. நாலு மணி ஆஜரைக் கேட்டுட்டுப் போங்க. ஸ்பீக்கர்ல போடறேன்.

நாலு.

ஆஜர் நேரம். நூத்தி ஒண்ணு ஆஜர். சொல்லுங்க.

"நூத்தி ரெண்டு ஆஜர். அடிப்பாவி, நிஜமாவே அடிக்க வெச்சுட்டியே." இவதான் ஸ்டெல்லா. ரோசாப்பூ.

"நூத்தி மூணு ஆஜர்."

"நூத்தி நாலு ஆஜர். முதல் மணியிலயே எடுத்துட்டேன் கனி. எல்லாரும் இருக்காங்களா?" இருக்காங்கக்கா. கேளுங்க, ஒவ்வொருத்தியா வர்றாங்க.

அஞ்சு. ஆறு. ஏழு, பாத்தீங்களா சத்தத்தை. எட்டு. ஒன்பது. பத்து. "நூத்திப் பதினொண்ணு ஆஜர்." அவ்வளவுதான். பதினோரு டிக். இப்ப நான் லைனை மூட...

"நூறு."

யாரு?

"நூறு ஆஜர்."

சத்தம் போடாதீங்கடி. ஸ்டெல்லா, சிரிக்காதே. அவர்தான். ஆமா, அவர்தான், எனக்குத் தெரியாதா. மூணு வருஷமா அடிச்சுக்கிட்டுதான் இருக்கு அந்த போன், இன்னிக்குத்தான் எடுக்கணும்னு தோணியிருக்கு. நோட்டுல நூறுக்கு நான் கட்டமே போடலை. பேனா எங்கே? இருங்க, மேல ஒரு கோடு போட்டுக்கறேன். நூறு. டிக்.

கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? நல்லது. அடுத்த வருஷமும் ஆயுத பூஜைக்கு இது ஓடிக்கிட்டுதான் இருக்கும், அதுல மாத்தம் கிடையாது. ஷெட்ல இருக்கறவருக்கும் சேத்துதான் சொல்றேன். பொட்டு வைக்கணும்னா இன்னிக்கே வந்து வைக்கலாம். சந்தனம் அரைச்சு வெக்கறேன்.

லைனை மூடறேன்.

தம்பி, தாளை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்குப் போங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் கூப்பிட்டது மத்த பத்துப் பேரை. நூறும் சேந்து அடிக்கும், அது வழக்கம், அதுல நான் ஒண்ணும் பண்ணலை. எடுத்துப் பேசினது யாரு? அவர்தான் முதல்ல பேசினார். நாளைக்கு யார் கேட்டாலும் நீங்க சாட்சி.